பூட்டிய பூவாளி

பிரேமன் நகரத்தில் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்தவளை இழுத்துக்கொண்டுபோய், அந்தக் கழுதைச் சிலைக்கு முன்னால் நிறுத்தி, "பாருடி, எவ்வளவு அழகு!" என்று யாராவது சொல்வார்களா? ஆல்மூத் சொன்னாள். நகர மன்றத்தின் பக்கவாட்டில், கழுதைமேல் நாய், நாய்மேல் பூனை, பூனைமேல் சேவல் என்று நிற்கிற வெண்கலம் அது. காய்கறிப் பையோடும், தள்ளுவண்டியில் பிள்ளையோடும், பிறகு அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தோடும் அதை ஆயிரம் தடவை தாண்டியிருப்பேன். ஒரு நாள் நின்று பார்த்ததில்லை. உள்ளூர்க்காரி எவளும் பார்க்க மாட்டாள்.

"ரெண்டு கையாலயும் காலைப் பிடி," என்றாள். "ஒரு கையால பிடிச்சா ஒரு கழுதை இன்னொரு கழுதைக்குக் கை குடுக்குதுன்னு அர்த்தம்."

"தெரியும்டி. நீ ஓல்டன்பர்க் பக்கத்துலேருந்து பெட்டியோட வந்து இறங்கின புதுசுல நான்தான் உனக்கு இதைச் சொன்னேன்."

"சொன்னேல்ல? அப்ப பிடி. கண்ணை மூடிக்கிட்டு ஏதாவது வேண்டிக்கோ. நான் போட்டோ எடுக்கிறேன்."

எழுபத்தொரு வயசில், இரண்டு பக்கமும் வெளிநாட்டுக்காரர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, ஊர் உலகமெல்லாம் தடவித் தடவி மினுங்குகிற அந்தக் கழுதையின் முன்னங்கால்களை இரண்டு கையாலும் பிடித்தேன். வேண்டிக்கொள்ள என்னிடம் ஒன்றுதான் இருந்தது. என் மகன் பக்கத்தில் எனக்கு ஓர் இடம்.

மகன் பேர் தோர்பென். இருபத்திரண்டு வயசில் மோட்டார் சைக்கிளில் போனான். நவம்பர் மழை, டிராம் தண்டவாளம், அவ்வளவுதான். இதற்குமேல் அதைப் பற்றிப் பேச மாட்டேன். அடக்கம் செய்த அன்று குழிக்கான காகிதத்தில் கையெழுத்துப் போட்டது நான். எங்கள் நாட்டில் ஆறடி மண்கூட நிரந்தரமாகக் கிடைக்காது. இருபத்தைந்து வருஷ உரிமை. முடிந்ததும் நீட்டிக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்லைத் தூக்கிவிட்டுப் புல்லை விதைத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இருபத்தைந்து வருஷம் என்று அந்த அதிகாரி சொன்னபோது, அதுவரை நான் எங்கே உயிரோடு இருக்கப்போகிறேன் என்று நினைத்தேன். இருந்து தொலைத்தேன்.

உரிமை போன நவம்பரோடு முடிந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு வருஷம் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பீர்கள். கடிதம் வரவில்லை, அதனால் சும்மா இருந்தேன். எங்கள் ஆட்களுக்குச் சாமி நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது, ஆனால் அலுவலகக் கடிதத்தின்மேல் உள்ள நம்பிக்கை மட்டும் போகவில்லை. முதலில் ஒரு கடிதம், அப்புறம் நினைவூட்டல், அப்புறம் கடைசி நினைவூட்டல். இந்த மூன்றும் வராமல் எந்த அலுவலகமும் ஒரு கூழாங்கல்லைக்கூட நகர்த்தாது. கடிதம் வரவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். இந்த நம்பிக்கையோடு காசெல் நகரத்தில் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரியில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். படுத்துக் கிடந்தபோதுதான் உறைத்தது. என்னை எரித்துக் கலசத்தில் போட்டால் என் பிள்ளையின் குழியிலேயே வைக்கலாம், அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் உரிமை கையில் இருக்க வேண்டும். கடிதமாவது மண்ணாங்கட்டியாவது, நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவோம் என்று முடிவு பண்ணி ஆல்மூத்துக்கு ஃபோன் பண்ணினேன்.

ஆல்மூத்தை என்னவென்று சொல்ல? பிரேமனில் எங்கள் மூன்றாம் மாடியில் எதிர்வீட்டுக்காரி. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை, மதியம் ஒரு மணிக்கு வீட்டில் இருப்பாள். நானும் என் வீட்டுக்காரன் உவேயும் சாயங்காலம்தான் வருவோம். அதனால் தோர்பென் பள்ளிக்கூடம் விட்டு நேரே அவள் வீட்டுக்குத்தான் போவான். சர்க்கரையும் பட்டைப்பொடியும் தூவின பால்சோறு அவனுக்கு அங்கேதான். அவன் போன பிறகு உவே ஒரு பக்கம் போனான், நான் காசெலில் இருக்கிற என் தங்கை வீட்டுக்கு ஓடிவிட்டேன். ஓடிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் அவன் வந்துவிடுவான் போல இருந்தது. கல்லறையை யார் பார்த்துக்கொள்வது என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே ஆல்மூத், "நீ போ. நான் இருக்கேன்ல," என்றாள்.

இருந்தாள். சனிக்கிழமை சனிக்கிழமை போவாள். வசந்தத்தில் பான்சி, வெயில் காலத்தில் பெகோனியா, குளிரில் ஊசியிலைக் கிளைகளால் மண்ணுக்குப் போர்வை. கல்லைப் பழைய பல்துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்ப்பாள். வருஷத்துக்கு இரண்டு தடவை எனக்குப் போட்டோ அனுப்புவாள். இந்த ஆகஸ்டில் தோர்பென் பிறந்தநாளுக்கு அனுப்பினது ஆஸ்பத்திரிப் படுக்கையில் வந்து சேர்ந்தது. கல்லின் பாதியை மறைக்கிற அளவுக்கு டேலியாப் பூக்கள், அதற்குமேல் மகன் பேர் மட்டும் தலை நீட்டியது. எவ்வளவு செய்கிறாள் இவள் என்று நர்ஸ் முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன்.

நான் கையெழுத்துப் போட வருகிறேன் என்று ஃபோனில் சொன்னதும் அந்தப் பக்கம் குழாயைத் திருகி மூடுகிற சத்தம் கேட்டது.

"ஆல்மூத்? இருக்கியாடி?"

"இருக்கேன், இருக்கேன். வெள்ளிக்கிழமை வா விப்கே. மத்த நாள் எனக்கு வேலை இருக்கு. வந்ததும் வராததுமா ஆஃபீஸ், கையெழுத்துன்னு ஓடாத. ஒன்பது வருஷம் கழிச்சு வர்றே. ஊரைச் சுத்திப் பாப்போம்."

"சுத்திப் பாக்க என்னடி இருக்கு?"

"எனக்காக வாயேன்."

அப்படித்தான் அக்டோபர் மாசத்து வெள்ளிக்கிழமை காலையில் நான் கழுதைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணி பத்து ஆகப்போகிறது. என் ரயில் நாற்பது நிமிஷம் தாமதம், அதை யாரும் செய்தியாகவே எடுத்துக்கொள்வதில்லை.

"ஆஃபீஸுக்குப் போயிட்டு வந்து சுத்தலாமே," என்றேன். "வெள்ளிக்கிழமை அரை நாளோட மூடிடுவானுங்க."

"மாத்திட்டாங்கடி. இப்பல்லாம் மூணு மணி வரைக்கும் இருக்காங்க," என்றாள் ஆல்மூத், என் கோட்டுக் காலரைச் சரிபண்ணியபடி.

வாராவாரம் அங்கே போகிறவள் சொல்கிறாள். நம்பாமல் இருக்க எனக்கு என்ன பைத்தியமா?

சதுக்கத்தைத் தாண்டிப் பேராலயத்தின் பக்கம் வந்தோம். அங்கே தரையில் குறுக்குக்கோடு வெட்டின ஒரு கல் பதித்திருக்கிறது. எச்சில் கல். இருநூறு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஆகிறது, ஒருத்தி வெண்ணெயில் விஷம் கலந்து அப்பா, அம்மா, புருஷன், பிள்ளைகள், சிநேகிதிகள் என்று பதினைந்து பேரைக் கொன்றாள். அவள் தலையை வெட்டின இடம் அது. இன்றைக்கும் அந்தப் பக்கம் போகிறவர்கள் துப்பிவிட்டுத்தான் போவார்கள். இவ்வளவு சுத்தம் பார்க்கிற ஊரில் தெருவில் துப்பலாம் என்று அனுமதி இருக்கிற ஒரே இடம். நான் துப்பினேன். ஆல்மூத் கல்லைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"என்னடி, துப்பலையா? அந்தக் காலத்துல தோர்பெனுக்கும் உனக்கும் யாரு ரொம்ப தூரம் துப்புறதுன்னு போட்டியே நடக்கும்."

"வாய் உலர்ந்து கிடக்கு."

"படுபாவி, ஊரே அவளைத் தேவதைன்னு சொல்லிச்சாம். சீக்காக் கிடந்தவங்களை ராத்திரி பகலாப் பாத்துக்கிட்டாளாம்ல."

"பாத்துக்கிட்டா இல்ல? அது பொய்யில்லையே," என்றாள் ஆல்மூத்.

நான் சிரித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதற்கப்புறம் ஷ்னூர் சந்துகள். இரண்டு குண்டுப் பெண்கள் எதிரெதிரே வந்தால் ஒருத்தி பின்வாங்க வேண்டும், அவ்வளவு குறுகல். நாங்கள் குடியிருந்த காலத்தில் அங்கே மீன் வாடை அடிக்கும், இப்போது சோப்புக் கடையும் கிறிஸ்துமஸ் பொம்மைக் கடையும். ஒவ்வொரு கடை வாசலிலும் நின்றாள் ஆல்மூத். மரத்தில் செய்த கப்பலைத் தொட்டுப் பார்த்தாள். பதினோரு மணிக்கு ஒரு காபிக் கடையில் உட்காரவைத்தாள். வெண்ணெய் கேக் வந்தது. வெண்ணெயைப் பார்த்ததும் நான் விஷக்காரியை வைத்து ஒரு ஜோக் அடித்தேன். அவள் சிரிக்கவில்லை. தன் தட்டில் இருந்த பெரிய துண்டை என் தட்டுக்கு மாற்றினாள்.

"ஒண்ணு ஞாபகமிருக்கா விப்கே? ஏழு வயசுல அவன் என் சமையலறை மேசைக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு, 'நான் இங்கயே இருக்கேன், அம்மாகிட்ட சொல்லாதீங்க'ன்னான்."

"அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் ஆஃபீஸ்ல இருந்திருப்பேன்."

"ஆமா. நீ ஆஃபீஸ்ல இருந்தே," என்றாள்.

அதில் முள் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் விட்டுவிட்டேன். இருபத்தாறு வருஷமாக என் பிள்ளையின் கல்லைத் தேய்க்கிறவளிடம் நான் எந்த முகத்தோடு சண்டை போடுவது?

"போலாம்டி," என்றேன். "கையெழுத்துப் போட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. பீங்கான் மணி கேட்டுட்டுப் போயிடலாம். பன்னண்டுக்கு அடிக்கும்."

"ஐயோ, அதை நான் நூறு தடவை கேட்டிருக்கேன்!"

"என்கூடக் கேட்டதில்லையே."

போய் நின்றோம். செங்கல் சுவர்கள் இரண்டுக்கு நடுவில், கூரைக்கும் கூரைக்குமாக முப்பது வெள்ளைப் பீங்கான் மணிகள். பன்னிரண்டு அடித்ததும் அவை ஒலிக்க ஆரம்பித்தன. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் தற்செயலாகத் திரும்பினேன். ஆல்மூத் மணியைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின, பெரிய வேலை ஒன்று முடிந்த மாதிரி. அப்போதுதான் முதல் தடவையாக எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆனாலும் ஆல்மூத்தா, அவள் என்ன செய்துவிடப்போகிறாள் என்று அதை விரட்டிவிட்டேன்.

டிராம் ஏறினோம். கல்லறைத் தோட்டத்து வாசலில் இறங்கினபோது மணி பன்னிரண்டே முக்கால். அலுவலகக் கதவு பூட்டியிருந்தது. கண்ணாடியில் கொட்டை எழுத்தில்: வெள்ளிக்கிழமை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. எழுத்து வெயிலில் வெளிறிப்போயிருந்தது. நேற்று மாற்றின பலகை இல்லை அது.

"மூணு மணின்னியே?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"இருபத்தாறு வருஷமா வாராவாரம் இந்தக் கதவைத் தாண்டிப் போறவ தப்பாச் சொல்வியா? என் காதுல பூ சுத்தாத. என்னடி விஷயம்?"

"ஒண்ணுமில்ல. வா, சாப்பிட்டுட்டு வரலாம். பக்கத்துல ஒரு கடையில நல்ல மீன் வறுவல்..."

"கல்லைத் தூக்கிட்டாங்களா?" என்றேன். "ஆல்மூத், என் பிள்ளை கல்லைத் தூக்கிட்டாங்களா?"

"இல்லடி. சத்தியமா இல்ல."

நான் நடக்க ஆரம்பித்தேன். வேகமாக நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டாக்டரா என் பிள்ளையைப் பெற்றார்? பெரிய பாதையில் நேரே, பிர்ச் மரத்தில் இடது பக்கம். அங்கே வந்ததும் குழம்பிப்போனேன். ஒன்பது வருஷத்தில் புதர்கள் வளர்ந்திருந்தன, வரிசைகள் மாறியிருந்தன. என் மகன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த ஆல்மூத், "இன்னும் ரெண்டு வரிசை தள்ளி," என்றாள்.

கல் நின்றுகொண்டிருந்தது. சாம்பல் நிறக் கல், துடைத்து வைத்த சுத்தம். முன்னால் ஊதாப் பூச்செடிகள். தோர்பென் லூக்கன், 1977 – 1999. அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. இதற்கா இப்படிப் பயமுறுத்தினாய் என்று அவளைத் திட்டத் திரும்பப்போனவள், அப்படியே நின்றுவிட்டேன். மகன் பேருக்குக் கீழே இன்னொரு பேர் இருந்தது. எழுத்து புதுசு, ஓரமெல்லாம் கூர்மையாக இருந்தது.

ஆல்மூத் ஹார்ம்ஸென், 1953 –

கோடு போட்டு நிறுத்தியிருந்தது. எங்கள் ஊரில் உயிரோடு இருக்கும்போதே பேரைச் செதுக்கிவைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பெஞ்சாதிகள் செய்வார்கள், புருஷன் பேருக்குக் கீழே. டேலியாப் பூக்கள் கல்லின் பாதியை எதற்கு மறைத்தன என்று அப்போது தெரிந்தது.

"இது என்னடி?" என்றேன்.

அவள் கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "ஜனவரில கல்லுல மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்க."

"என்ன ஸ்டிக்கர்?"

"உனக்குத் தெரியாதா? 'உரிமைக்காரர் அலுவலகத்துக்கு வரவும்'னு ஒட்டுவாங்களே. யாரும் கவனிக்காத கல்லறையிலதான் அது இருக்கும். களை மண்டிக் கிடக்குமே, அதுல. என் கல்லுல ஒட்டியிருக்கான்! பக்கத்துக் கல்லறைக்கார அம்மா என்னைப் பாத்துக்கிட்டே நிக்கிறா. எனக்கு மானம் போச்சு. வெந்நீரும் வினிகரும் போட்டு அங்கயே சுரண்டிட்டேன். என்ன எழுதியிருக்குன்னு படிக்கக்கூட இல்ல."

"அப்புறம்?"

"மார்ச்ல மறுபடி ஒட்டினாங்க. அப்பப் படிச்சேன்."

"படிச்சிட்டு?"

"அதையும் சுரண்டினேன்."

பிர்ச் மரத்திலிருந்து இலை உதிர்ந்து அவள் தோளில் விழுந்தது. அவள் அதை எடுத்து, கீழே போடாமல், சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் ஓர் இலை கிடக்கக்கூட அவளுக்கு மனசு வராது.

"ரெண்டு வாரம் கழிச்சு ஆஃபீஸுக்குப் போனேன்," என்றாள். "உரிமைக்காரருக்கு மூணு கடிதம் போட்டோம், மூணும் திரும்பி வந்துடுச்சு, அவங்க அட்ரஸ் உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டாங்க."

மூன்று கடிதம். காசெலில் நான் இரண்டு தடவை வீடு மாறினேன். நாய் வளர்ப்பதற்கு வரி வாங்குகிற அலுவலகம், நூலகம், பல் டாக்டர், இன்சூரன்ஸ், எல்லாருக்கும் புது விலாசம் எழுதிப்போட்டேன். செத்துப்போன நாய்க்குக்கூட எழுதிப்போட்டேன். இந்தக் கல்லறைக்கு எழுதிப்போட மறந்துவிட்டேன்.

"கேட்டாங்களா? நீ என்ன சொன்னே?"

"தெரியாதுன்னு சொன்னேன். உரிமையை என் பேருக்கு மாத்திக்கிட்டேன்."

அந்த விலாசத்துக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நட்சத்திர பிஸ்கட் அனுப்புகிறவள் இவள். தகர டப்பாவில், உடையாமல், பஞ்சு சுற்றி.

"அடிப்பாவி!" கத்திவிட்டேன். கல்லறைத் தோட்டத்தில் யாரும் கத்துவதில்லை. தூரத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த கிழவர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும். "திருடி! என் பிள்ளையைத் திருடிட்டியேடி! சிநேகிதின்னு நம்பி விட்டுட்டுப் போனேனே!"

"விட்டுட்டுப் போனேல்ல?" என்றாள். அவள் கத்தவில்லை. "இருபத்தாறு வருஷத்துல நாலு தடவை வந்திருக்கே விப்கே. அதுலயும் ரெண்டு தடவை கார்லேருந்து இறங்கவே இல்ல. இப்ப வந்தியே, வரிசையைக் கண்டுபிடிச்சியா?"

"என்னால முடியலடி! அவன் என் பிள்ளை!"

"பெத்தது நீதான். நான் இல்லேன்னு சொன்னேனா? முடியலேன்னு நீ போயிட்டே. எனக்கும்தான் முடியல. யாரு என்னைக் கேட்டா? செத்த வீட்டுல என்னைப் பின் வரிசையில உக்கார வச்சாங்க. பக்கத்து வீட்டுக்காரிதானே." மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு யாரு இருக்கா? நான் செத்தா நகராட்சிக்காரன் பேர்கூட இல்லாம ஏதோ புல்லுக்கு அடியில வச்சிட்டுப் போவான். ரெண்டாவது தடவை ஒட்டின அந்த ஸ்டிக்கரைப் படிச்சப்ப, உனக்குத்தான் ஃபோன் பண்ணணும்னு எடுத்தேன். நம்பர்கூட அழுத்தினேன். அப்புறம் வச்சிட்டேன். இவ கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவா, இன்னும் இருபத்தஞ்சு வருஷத்துக்கு நான் தண்ணி ஊத்தணும், கடைசியில இவ வந்து படுத்துப்பான்னு தோணிச்சு."

அவள் செய்தது துரோகம். ஆனால் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு அவள்மேல் இருந்த வெறுப்பை இன்னும் கூட்டியது.

"அப்ப எதுக்குடி ஊர் சுத்த வச்சே? கழுதைக் காலைப் பிடிக்க வச்சு, போட்டோ எடுத்து... என்னை முட்டாளாக்கிப் பாக்கவா?"

"ஆஃபீஸ்ல அந்த ஆளு வாயால உனக்குத் தெரியக் கூடாதுன்னு பாத்தேன். அப்புறம்..." அவள் முகம் கோணியது. "இதைப் பாத்தப்புறம் நீ என்கூட எங்கயும் வரமாட்டே. ஒரு நாளாவது உன்கூடச் சுத்திடணும்னு இருந்துச்சு."

நான் வரிசையின் கோடிக்குப் போனேன். அவள் பக்கத்தில் நிற்க முடியவில்லை, அதோடு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. என் பிள்ளைக்கு ஒரு வாளித் தண்ணீராவது என் கையால் ஊற்றுவோம் என்று குழாயடிக்குப் போனேன். கம்பியில் பச்சைப் பூவாளிகள் வரிசையாகத் தொங்கின, ஒவ்வொன்றிலும் சைக்கிள் பூட்டு. அங்கே வருகிறவர்கள் அவரவர் பூவாளியைப் பூட்டித்தான் வைப்பார்கள், இல்லாவிட்டால் காணாமல் போய்விடும். ஒன்றில் ஹார்ம்ஸென் என்று பெயிண்டில் எழுதியிருந்தது. அதை இழுத்தேன். பூட்டு கடகடவென்று ஆடியது, கழன்று வரவில்லை. ஆல்மூத் பின்னாலேயே வந்து சாவியை நீட்டினாள்.

"இந்தா."

"உன் சாவி எனக்கு வேண்டாம்."

என் கைப்பையில் ரயிலுக்கு வாங்கின தண்ணீர் பாட்டில் இருந்தது. திரும்பிப்போய், மூடியைத் திருகி, ஊதாப் பூக்களின்மேல் கவிழ்த்தேன். கேஸ் தண்ணீர். புஸ்ஸென்று நுரைத்து, கொப்பளித்து, மண்ணில் இறங்கியது.

"சோடா தண்ணி வேருக்கு ஆகாதுடி," என்றாள் ஆல்மூத் தாங்கமாட்டாமல். சொன்னவுடன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் கல்லறையைச் சுற்றின விளிம்புக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு படபடத்தது. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவள் எதிரே நின்றாள். அப்புறம் பையைத் திறந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள்.

"ரெண்டு கலசம் வைக்கலாமாம். கேட்டுட்டேன். உரிமைக்காரி சம்மதிச்சு எழுதித் தரணும். நான் போட்டுட்டேன் பாரு, இங்க. கீழ நீ போடணும்."

"எங்க பேரு எழுதுவாங்க?"

அவள் கல்லைப் பார்த்தாள். "எனக்குக் கீழ இடம் இருக்கு. மேல இல்ல."

கிழித்து அவள் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். மானம் உள்ளவள் அதைத்தான் செய்திருப்பாள். நானும் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். காலையில் கழுதைக் காலைப் பிடித்தது இதே கைதான். என்ன வேண்டிக்கொண்டேனோ அதுதான் இந்தக் காகிதத்தில் இருந்தது. மகன் பக்கத்தில் ஓர் இடம். யார் தயவில் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை.

"பேனா குடு," என்றேன்.

கொடுத்தாள். எழுத வாகாக அவள் குனிந்து முதுகைக் காட்டினாள், அந்தக் காலத்தில் தோர்பெனின் மார்க் அட்டையில் நான் மாடிப்படியில் அவசரமாகக் கையெழுத்துப் போடும்போது காட்டுவது போல. நான் அவள் முதுகில் வைக்கவில்லை. என் பிள்ளையின் கல்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே விலாசம் கேட்டிருந்தது. தெரு, எண், ஊர், பின்கோடு, எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

"திங்கக்கிழமை திறந்ததும் நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்," என்றாள். "உனக்குக் கடிதம் வரும்."

அவளோடு நான் இனிமேல் பேசுவதாக இல்லை. வாசலைப் பார்த்து நடந்தேன். பின்னால் பூட்டு திறக்கிற சத்தம், குழாய்ச் சத்தம். திரும்பிப் பார்த்தபோது, நான் ஊற்றின சோடாவைக் கழுவிவிடுகிற மாதிரி அவள் பூவாளியைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட். அவள் தினமும் நீச்சல்குளத்தில் நாற்பது சுற்று. முதலில் அங்கே போகப்போவது நான்தான். சனிக்கிழமை சனிக்கிழமை பூட்டைத் திறந்து பூவாளியோடு வருவாள். என் பிள்ளைக்கு ஊற்றுவாள், அப்புறம் எனக்கும் ஊற்றுவாள். பல்துலக்கும் பிரஷ்ஷால் என் பேரையும் தேய்ப்பாள், தன் பேரைத் தேய்த்து முடித்த பிறகு.